ஓரக்கோட்டில் இருபது வருடம்

கேள்வி இது: இங்கிலாந்துக் கால்பந்தில், பிரீமியர் லீகில் நிலைக்க முடியாத ஒரு விங்கருக்கு (ஓரக்கோட்டை ஒட்டி ஓடி ஆடுகிறவர்), கீழ் டிவிஷன்களில் எப்படிப்பட்ட வாழ்க்கை அமைகிறது? வேகம் போன பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்?

பொதுப்படையாகச் சொன்னால் இதற்குச் சுவாரசியமே இருக்காது. அதனால் ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போகிறேன். கேரத் எய்ன்ஸ்வொர்த். 1992இல் தொடங்கி 2013 வரை ஆடினார், ஐந்நூறுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள், பெரும்பாலும் வலது ஓரத்தில். இந்தப் பிழைப்பில் ஒருவருக்கு என்னென்ன நடக்குமோ, நல்லதும் கெட்டதும், ஏறக்குறைய எல்லாமே இவருக்கு நடந்திருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். மேலே பிரீமியர் லீக், 20 கிளப். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. ஆக மொத்தம் 92. இந்தப் பெயர்கள் 2004இல் வந்தவை. 1992 முதல் 2004 வரை இரண்டாம் அடுக்குக்குத்தான் ‘முதல் டிவிஷன்’ என்று பெயர், நான்காம் அடுக்கு ‘மூன்றாம் டிவிஷன்’. பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போது இதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். நான் இரண்டாம் அடுக்கு, மூன்றாம் அடுக்கு என்றே எழுதுகிறேன், குழப்பம் வேண்டாம். கீழ் மூன்று அடுக்குகளிலும் சீசனுக்கு 46 லீக் ஆட்டங்கள். எல்லா அடுக்குக் கிளப்புகளும் மோதிக்கொள்ளும் கோப்பை ஆட்டங்கள் தனி. சனிக்கிழமை ஆடிவிட்டு செவ்வாய் இரவு பஸ்ஸில் நாலு மணி நேரம் போய் மறுபடியும் ஆட வேண்டியிருக்கும்.

சரி, விங்கர். மைதானத்தில் இருக்கும் 22 பேரில் பார்வையாளனுக்கு மிக அருகில் இருப்பவர் அவர்தான். சின்ன கிளப்புகளில் இது இன்னும் அதிகம். விக்கம் வாண்டரர்ஸ் கிளப்பின் ஆடம்ஸ் பார்க் மைதானத்துக்கு நான் முதல்முறை போனது ஒரு ஜனவரி சனிக்கிழமை. ஹை விக்கம் ஊரின் ஓரத்தில், தொழிற்பேட்டை ஒன்றைக் கடந்து ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது அந்த மைதானம், பின்னால் மரங்கள் அடர்ந்த மலைச்சரிவு. முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஓரக்கோட்டுக்கும் எனக்கும் பத்துப் பன்னிரண்டு அடிதான் இருக்கும். விங்கர் பந்து வருவதற்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அவரைப் பிடிக்க வந்த ஃபுல் பேக் (எதிரணியின் ஓரத் தடுப்பாளர்), நடுவர் திரும்பியிருந்த நேரம் பார்த்து அவர் ஜெர்சியை இடுப்பருகே ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்துக்கொண்டார். விங்கர் கையைத் தட்டிவிட்டார், மறுபடியும் பிடித்தார், மறுபடியும் தட்டிவிட்டார். டிவியில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர், டீ கப்பை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பந்தைப் பார்க்காதே, தம்பி. அவன் காலைப் பார். நேரம் ஆக ஆக அவன் கோட்டை விட்டு உள்ளே நகர்ந்து வந்துவிடுவான். எழுபதாவது நிமிஷத்திலும் சுண்ணாம்புக் கோட்டு மேலேயே நின்றான் என்றால் அவன் நல்ல விங்கர்” என்றார். அவர் சொன்ன ஆங்கிலத்தை இப்படித்தான் தமிழில் சொல்ல முடிகிறது. அன்றைக்கு முதல் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் நான் அதைத்தான் பார்க்கிறேன்.

கோட்டு மேல் நிற்பது ஏன் கஷ்டம்? அங்கே நின்றால் பந்து வரலாம், வராமலும் போகலாம். பந்து வராத பத்து நிமிடமும் முன்வரிசையில் இருப்பவர்கள் உன்னைப் பெயர் சொல்லித் திட்டுவார்கள். வந்தால் அறுபது கெஜம் ஓடி, கிராஸ் போட்டு (ஓரத்திலிருந்து பந்தைக் கோலுக்கு முன்னால் அனுப்பி), அது வீணானால் அதே அறுபது கெஜம் திரும்ப ஓடி உன் ஃபுல் பேக்குக்கு உதவ வேண்டும். நடுவில் ஆடுகிறவன் தவறு செய்தால் அதை மறைக்க நாலு பேர் இருப்பார்கள். ஓரத்தில் ஒளிய இடமே கிடையாது.

எய்ன்ஸ்வொர்த் பிறந்தது 1973இல், பிளாக்பர்னில். பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பில் பயிற்சி ஆட்டக்காரராக இருந்தார். ஆனால் அங்கே அவருக்கு முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை. பதினெட்டு பத்தொன்பது வயதில் கிளப் கைவிட்டுவிட்டால் பெரும்பாலானோர் அத்தோடு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். இவர் லீக்குக்கே வெளியே இருந்த நார்த்விச் விக்டோரியா கிளப்பில் ஆடி, அங்கிருந்து 1992இல் பிரஸ்டன் நார்த் எண்டுக்கு வந்தார்.

இங்கேதான் ஜான் பெக் வருகிறார். என் பதிலின் மையமே இவர்தான் என்று சொல்வேன். கீழ் லீக் விங்கரின் தலையெழுத்தை எழுதுவது அவர் திறமையைவிட, அவரை நம்புகிற ஒரு மேனேஜர். பெக் அப்போது கேம்பிரிட்ஜ் யுனைடெட் மேனேஜர். அந்தச் சின்ன கிளப்பை நான்காம் அடுக்கிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு ஏற்றி, 1992இல் பிரீமியர் லீகுக்கே போய்விடும் பிளே ஆஃப் (மேல் அடுக்குக்கு ஏறும் கடைசி இடத்துக்கான ஆட்டங்கள்) வரை கொண்டுவந்தவர். அவர் முறை எளிமையானது, பலருக்குப் பிடிக்காதது. பின்னாலிருந்து பந்தை உயரமாக மூலைக்கு அடி, விங்கர் துரத்தட்டும். அப்படி அடித்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காக மைதானத்தின் நாலு மூலையிலும் புல்லை நீளமாக வளர விட்டார். ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்கள் மேல் பக்கெட் பக்கெட்டாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் செய்தார்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு விங்கரின் கண்ணால் பாருங்கள். ‘மூலையில் பந்து நிற்கும், நீ போனால் போதும்’ என்று மேனேஜரே புல் வளர்த்துக் கொடுக்கிறார். எய்ன்ஸ்வொர்த் நாலு பேரை வெட்டி வெட்டித் தாண்டிப் போகிற ரகம் இல்லை. நேராக ஓடுவார், நிறுத்தாமல் ஓடுவார், கிடைத்த இடத்திலிருந்து பலமாக அடிப்பார், தலையைக் கொடுக்கவும் பயப்படமாட்டார். பெக்கின் ஆட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற ஆள்.

1992 கோடையில் பெக் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு எடுத்தார். சில மாதங்களிலேயே பெக்கின் வேலை போயிற்று. டிசம்பரில் பெக் பிரஸ்டன் மேனேஜர் ஆனார், உடனே எய்ன்ஸ்வொர்த்தைத் திரும்ப அங்கேயே கூப்பிட்டுக்கொண்டார். ஒரே வருடத்தில் பிரஸ்டன், கேம்பிரிட்ஜ், மறுபடியும் பிரஸ்டன். பத்தொன்பது வயதுப் பையன், வாடகை அறையைக் காலி செய்து பெட்டியைத் தூக்குவதிலேயே பாதி நேரம் போயிருக்கும்.

அப்போது பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் புல்லே கிடையாது. 1986இல் போட்ட பிளாஸ்டிக் தரை, 1994 வரை இருந்தது. பந்து கன்னாபின்னாவென்று எகிறும். சறுக்கி விழுந்தால் தொடை, முழங்கைத் தோல் உரிந்துவிடும். விங்கர்தான் அதிகம் சறுக்குகிறவர், அதிகம் தள்ளிவிடப்படுகிறவர். அந்தத் தரையில் வாரம் முழுக்கப் பயிற்சியும் செய்து ஆட்டமும் ஆடிய முழங்கால்கள் பின்னாளில் என்ன பேசும் என்று யோசித்துப் பாருங்கள்.

1994 மே மாதம் பிரஸ்டன் பிளே ஆஃப் இறுதிக்குப் போய் லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 4-2 என்று தோற்றது. தோற்கடித்தது விக்கம் வாண்டரர்ஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். அடுத்த வருடம் மார்ச் வாக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து டேவிட் பெக்கம் என்ற பத்தொன்பது வயதுப் பையன் லோனில் (தற்காலிகமாக இரவலாக) பிரஸ்டனுக்கு வந்து ஐந்து ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். முதல் கோலைக் கார்னர் கிக்கிலிருந்தே நேராக அடித்தார். ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் இரண்டு பேர். ஒருவர் எங்கே போனார் என்று உலகத்துக்கே தெரியும். இன்னொருவர் அந்த வருடக் கடைசியில் 25,000 பவுண்டுக்கு நான்காம் அடுக்கில் இருந்த லிங்கன் சிட்டிக்குப் போனார். வாங்கியவர் யார் தெரியுமா? லிங்கனுக்கு மேனேஜராகப் போயிருந்த அதே ஜான் பெக். மூன்றாவது தடவை.

லிங்கன் காலம்தான் எய்ன்ஸ்வொர்த்தின் பொற்காலம் என்பது என் கருத்து. 83 லீக் ஆட்டங்களில் 37 கோல். ஒரு விங்கருக்கு, அதுவும் நான்காம் அடுக்கின் சேற்று மைதானங்களில், இது அசாத்தியம். ஸ்ட்ரைக்கருக்கே இந்தக் கணக்கு போதும். 1996 செப்டம்பரில் அந்த லிங்கன் அணி லீக் கோப்பையில் மான்செஸ்டர் சிட்டியைத் தன் ஊரில் 4-1 என்றும், சிட்டியின் மைதானமான மெயின் ரோட்டுக்கே போய் 1-0 என்றும் ஜெயித்தது. சிட்டி அப்போது இரண்டாம் அடுக்கில்தான் இருந்தது என்றாலும் பெரிய கிளப் பெரிய கிளப்தான். லிங்கன் மாதிரி ஊர்களில் இப்படி ஒரு ஆட்டக்காரரைப் பார்த்த தலைமுறை அவரை மறப்பதில்லை. எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆனாலும் ‘எங்க ஆள்’ என்பார்கள்.

1997 செப்டம்பரில் போர்ட் வேல் அவரை 500,000 பவுண்டுக்கு வாங்கியது. 25,000 போட்ட இடத்தில் இரண்டு வருடத்தில் இருபது மடங்கு. லிங்கன் அதுவரை யாரையும் அவ்வளவு பெரிய தொகைக்கு விற்றதில்லை. கீழ் லீக் கிளப்புகள் பிழைப்பதே இப்படித்தான். டிக்கெட் வருமானம் மட்டும் சம்பளத்துக்குப் பத்தாது. ஒரு நல்ல விங்கரை வளர்த்து விற்றால் ஒன்றிரண்டு வருடம் ஓடும். அதனால்தான் ஊர் மக்கள் ஒரு ஆட்டக்காரரை நேசிக்க ஆரம்பிக்கும்போதே, எப்போது போய்விடுவாரோ என்ற பயமும் கூடவே வந்துவிடுகிறது.

போர்ட் வேல் என்பது ஸ்டோக் ஆன் டிரெண்ட் நகரின் பர்ஸ்லம் பகுதிக் கிளப், மட்பாண்டத் தொழில் நடந்த ஊர். அங்கே 1983 முதல் மேனேஜராக இருந்த ஜான் ரட்ஜுக்கு விங்கர்களை அடையாளம் காண்பதில் ஒரு தனிக் கண் இருந்தது. நியூகாசிலில் இடம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த ஸ்டீவ் கப்பி என்ற இடது விங்கரை 1994இல் எடுத்தார். 1997இல் பல மடங்கு விலைக்கு லெஸ்டருக்கு விற்றார். கப்பி பின்னர் 1999இல் இங்கிலாந்துக்கே ஆடினார், ஒரே ஒரு ஆட்டம் என்றாலும். அதே கப்பி, 1994 வெம்ப்ளி இறுதியில் ஜெயித்த விக்கம் அணியின் இடது விங்கர். வலது விங்கர் ஜான் மெக்கார்த்தியை யார்க் சிட்டியிலிருந்து வாங்கி 1997 செப்டம்பரில் பர்மிங்ஹாமுக்குப் பல மடங்கு லாபத்தில் விற்றார். காலியான அந்த இடத்துக்குத்தான் எய்ன்ஸ்வொர்த் வந்தார்.

பதினாலு மாதம். 1998 நவம்பரில் பிரீமியர் லீகில் இருந்த விம்பிள்டன் 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. போர்ட் வேலுக்கு அது சாதனைத் தொகை. விற்ற இரண்டே மாதத்தில், 1999 ஜனவரியில், கிளப் ரட்ஜையே நீக்கிவிட்டது. ரட்ஜ் வழக்கமாகப் போடும் தட்டைத் தொப்பியைத் தாங்களும் போட்டுக்கொண்டு ரசிகர்கள் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

இருபத்தைந்து வயதில் பிரீமியர் லீக். லீக்குக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தவர் ஏழு வருடத்துக்குள் ஆர்சனலும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடுகிற இடத்துக்கு வந்துவிட்டார். கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. காயம், தேறல், மறுபடியும் காயம். அவரை வாங்கிய மேனேஜர் ஜோ கின்னியருக்கு 1999 மார்ச்சில் மாரடைப்பு வந்தது, அடுத்த சீசனுக்கு நார்வேக்காரர் எகில் ஓல்சன் வந்தார். 2000 மே மாதம் விம்பிள்டன் பிரீமியர் லீகிலிருந்து இறங்கியது. அதன்பின் கிளப்பையே மில்டன் கீன்ஸுக்கு மாற்றப் போகிறோம் என்ற பிரச்சினை வெடித்து, ரசிகர்கள் மைதானத்தைப் புறக்கணித்தார்கள். இந்த அமளிக்கு நடுவே நாலரை வருடத்தில் எய்ன்ஸ்வொர்த் ஆடிய லீக் ஆட்டங்கள் நாற்பதைக்கூடத் தொடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விங்கரின் காயம் மற்றவர்களின் காயத்திலிருந்து வேறுபட்டது. சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) ஒருவர் கால் வேகம் குறைந்தாலும் நிற்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துச் சமாளிப்பார். விங்கரின் முதலீடே முதல் ஐந்து கெஜம். நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பும் அந்த ஒரு நொடி. ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) இரண்டு தடவை கிழிந்தாலோ, முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனாலோ, திரும்பி வரும்போது அந்த ஐந்து கெஜம் நாலே முக்கால் ஆகியிருக்கும். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஃபுல் பேக்குக்குத் தெரிந்துவிடும். முன்பு உன்னை இரண்டு கெஜம் தள்ளி நின்று பார்த்தவன், இப்போது ஒட்டி நிற்க ஆரம்பிப்பான்.

அப்புறம் லோன் காலம். 2002இல் பிரஸ்டனுக்கு லோன், பிறகு வால்சாலுக்கு லோன், 2003இல் கார்டிஃப் சிட்டி. இவை ஒவ்வொன்றிலும் ஒற்றை இலக்க ஆட்டங்கள்தான். லோனில் போகிறவன் நிலைமை விருந்தாளி நிலைமை. ஹோட்டலில் தங்குவான், டிரெஸ்ஸிங் ரூமில் எந்த ஆணியில் சட்டையை மாட்டலாம் என்றுகூடக் கேட்டுத்தான் மாட்டுவான். இரண்டு ஆட்டம் சரியாக ஆடவில்லை என்றால் மூன்றாவதற்குப் பெயர் இருக்காது. ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30இல் முடியும். மே மாதம் கிளப்புகள் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் வெளியிடும். முப்பதை நெருங்கும், காயம் பட்ட ஒரு விங்கருக்கு அந்த மே மாதத்தை விடப் பெரிய பரீட்சை கிடையாது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு பட்டியலில் தொங்கும். சம்பளமே அடிப்படைத் தொகை கொஞ்சம், ஆடினால் ஆட்டத்துக்கு இவ்வளவு, ஜெயித்தால் இவ்வளவு என்று பிரித்துத்தான் பல ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். காயம் என்றால் வலியோடு வருமானமும் குறையும்.

2003 கோடையில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் (கியூபிஆர்) கூப்பிட்டது. டிரான்ஸ்பர் தொகை இல்லை, இலவசம். 20 லட்சம் பவுண்டுக்குப் போனவர் ஐந்து வருடத்தில் சும்மா கிடைத்தார். மேனேஜர் இயன் ஹாலோவே. கிளப் மூன்றாம் அடுக்கில். எய்ன்ஸ்வொர்த்துக்கு முப்பது வயது. முடிந்த கதை என்று பலரும் நினைத்திருப்பார்கள். அந்த சீசனின் கடைசி நாளில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேவை அவர்கள் ஊரிலேயே 3-1 என்று தோற்கடித்து கியூபிஆர் இரண்டாம் அடுக்குக்கு ஏறியது. எய்ன்ஸ்வொர்த் அந்தக் கிளப்பில் ஆறு வருடத்துக்கு மேல் இருந்தார், நூறுக்கும் அதிகமான லீக் ஆட்டங்கள்.

வேகம் குறைந்தவர் எப்படி ஆறு வருடம் தாக்குப்பிடித்தார்? கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் பதில். தூரத்திலிருந்து அடிக்கும் பலம் வயதால் சீக்கிரம் போவதில்லை, அதை நம்பினார். ஃபுல் பேக்கைத் தாண்டிப் போய்த்தான் கிராஸ் போட வேண்டும் என்பதில்லை, அரை கெஜம் இடம் கிடைத்தாலே வளைத்துப் போட்டுவிடலாம், அதைப் பழகினார். எல்லாவற்றுக்கும் மேலாக ஓடுவதை நிறுத்தவில்லை. நீண்ட முடி, லெதர் ஜாக்கெட், கௌபாய் பூட்ஸ், வார இறுதியில் ராக் பேண்டில் பாட்டு என்று திரிந்தவர் அவர். ‘வைல்ட் திங்’ என்றே ரசிகர்கள் கூப்பிட்டார்கள். அந்தத் தோற்றத்தைப் பார்த்துவிட்டு ஒழுங்கில்லாத ஆள் என்று நினைத்தால் தப்பு. நாற்பதை எட்டும் வரை விங்கில் ஆடிய ஒருவருடைய உடம்பு ஒழுங்கு சாதாரணமானதல்ல.

2007இல் ஃபிளாவியோ பிரியாட்டோரே, பெர்னி எக்கிள்ஸ்டோன் போன்ற பணக்காரர்கள் கியூபிஆரை வாங்கினார்கள். மேனேஜர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 2008இலும் 2009இலும் இரண்டு தடவை நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்க எய்ன்ஸ்வொர்த்தைத்தான் தற்காலிக மேனேஜராகப் போட்டார்கள். பிறகு 2009 கடைசியில் லோனில் விக்கமுக்குப் போய், 2010இல் அங்கேயே நிரந்தரமாகத் தங்கினார்.

விக்கம் நாற்காலி செய்யும் தொழிலுக்குப் பேர்போன ஊர், கிளப்பையே ‘சேர்பாய்ஸ்’ என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள். 2012இல் ரசிகர்களின் அறக்கட்டளையே கிளப்பை எடுத்து நடத்த ஆரம்பித்தது. கையில் காசு இல்லை. செப்டம்பரில் மேனேஜர் போனதும் எய்ன்ஸ்வொர்த்திடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். முதல் சீசனில் ஆடிக்கொண்டே மேனேஜர். 2013 ஏப்ரலில் கடைசி ஆட்டம், ஆடம்ஸ் பார்க்கில், எதிரணி அவருடைய பழைய போர்ட் வேல். நாற்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

மேனேஜராக அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டது விங்கரைப் பற்றி. 2014 மே மாதம், சீசனின் கடைசி நாள், டார்கீயில் 3-0 என்று ஜெயித்தார்கள். அதே நேரம் பிரிஸ்டல் ரோவர்ஸ் தோற்றதால் கோல் வித்தியாசத்தில் லீக்கை விட்டே வெளியே போகாமல் தப்பினார்கள். அடுத்த வருடமே வெம்ப்ளியில் பிளே ஆஃப் இறுதி, கூடுதல் நேரத்தின் கடைசி வினாடிகளில் சவுத்எண்ட் சமன் செய்து பெனால்டியில் ஜெயித்தது. 2018இல் லீக் ஒன். 2020 ஜூலை 13, கொரோனாவால் ஒரு ரசிகர்கூட இல்லாத வெம்ப்ளி, ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட்டை 2-1 என்று தோற்கடித்து விக்கம் தன் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் அடுக்குக்குப் போனது. 1887இல் தொடங்கிய கிளப் அது. ஒரு வருடத்தில் ஒரே ஒரு புள்ளி குறைவால் திரும்ப இறங்கினார்கள் என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான். 2023 பிப்ரவரியில் கியூபிஆருக்கு மேனேஜராகப் போனார், எட்டு மாதத்தில் அந்த வேலை போயிற்று. பத்து வருடம் ஒரே கிளப்பில் மேனேஜராக இருந்தவருக்கும் அடுத்த கிளப்பில் அடுத்த சீசன் நிச்சயமில்லை.

‘இவர் மேனேஜர் ஆகிவிட்டார், எல்லோரும் ஆக முடியுமா?’ என்று கேட்பீர்கள். முடியாது. அதனால் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், கேரி தாம்சன். 1980இல் கெண்டலில் பிறந்தவர், மோர்கம் என்ற கடற்கரை ஊர்க் கிளப்பில் பத்து வருடம். அந்தக் கிளப் முதல்முறையாக லீக்குக்குள் நுழைந்த 2007 வெம்ப்ளி இறுதியில் ஒரு கோல் அடித்தார். பிறகு ஸ்கன்தார்ப், பிராட்ஃபோர்டு சிட்டி.

2012 டிசம்பர் 11, கடுங்குளிர். நான்காம் அடுக்கில் இருந்த பிராட்ஃபோர்டின் வேலி பரேடு மைதானத்துக்கு லீக் கோப்பை கால் இறுதிக்கு ஆர்சனல் வருகிறது. பதினாறாவது நிமிடத்தில் பெட்டிக்குள் வந்த பந்தைத் தரையில் விழவிடாமல் வாலியாக அடித்தார் தாம்சன். கோல். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்வரை அந்த ஒரு கோல்தான் இருந்தது. ஆர்சனல் சமன் செய்தும் பெனால்டியில் பிராட்ஃபோர்டு ஜெயித்தது. அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவையும் சாய்த்து இறுதிக்கே போனார்கள். அங்கே ஸ்வான்ஸியிடம் 5-0. மே மாதம் மறுபடியும் வெம்ப்ளி, நார்தாம்ப்டனை 3-0 என்று ஜெயித்து மூன்றாம் அடுக்குக்கு ஏறினார்கள். மூன்று தடவையும் வெம்ப்ளிப் புல்லை மிதித்தவர் தாம்சன். பிரீமியர் லீகில் நிரந்தர இடம் பிடித்த எத்தனையோ பேருக்கு அங்கே ஒரு இறுதி ஆட்டம்கூடக் கிடைத்திருக்காது.

அவரை 2015இல் விக்கமுக்குக் கூப்பிட்டது வேறு யாருமில்லை, எய்ன்ஸ்வொர்த்தான். 2017 ஜனவரி 28, எஃப்ஏ கோப்பையில் டாட்டன்ஹாமின் வைட் ஹார்ட் லேன். 83ஆவது நிமிடத்தில் தாம்சன் தலையால் முட்டிய கோல், விக்கம் 3-2 என்று முன்னிலை. தாம்சனுக்கு 36 வயது. டாட்டன்ஹாம் சமன் செய்தது, பிறகு கூடுதல் நிமிடங்களில் ஏழாவது நிமிடத்தில் சன் ஹியுங் மின் அடித்து 4-3. எவ்வளவு அருகில் வந்தார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. அந்த சீசன் முடிந்ததும் தாம்சன் மோர்கமுக்கே திரும்பிப் போய் ஒரு வருடம் ஆடினார்.

முப்பத்துநாலு வயது விங்கர் ஒருவரை எல்லா மேனேஜர்களும் எடுக்கமாட்டார்கள். தானே முப்பத்தொன்பது வரை ஓரத்தில் ஓடியவர் எடுத்தார். ஜான் பெக் மூன்று தடவை தன்னைக் கூப்பிட்டதை அவர் மறந்திருக்கமாட்டார் என்று நான் நம்புகிறேன். 2020இல் கேரத் மெக்லியரியை எடுத்ததும் இதே கண்தான். அவரும் லீக்குக்கு வெளியே தொடங்கிய விங்கர், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், ரெடிங் எல்லாம் பார்த்து முடித்து முப்பத்துமூன்று வயதில் விக்கமுக்கு வந்தவர்.

எப்போதாவது இங்கிலாந்துக்குப் போனால் பெரிய மைதானத்துக்கு டிக்கெட் தேடி அலையாதீர்கள். லீக் டூ ஆட்டம் ஒன்றுக்கு, மழைக்கோட்டோடு போங்கள். எந்தப் பக்கம் உட்காருவது என்பது முக்கியம். நீளப் பக்கத்தில், முன்வரிசையில், மைதானத்தின் பாதிக் கோட்டுக்கும் மூலைக் கொடிக்கும் நடுவில். முதல் பாதியில் சொந்த ஊர் விங்கர் உங்கள் முன்னால் ஆடினால், இரண்டாம் பாதியில் பக்கம் மாறும், எதிரணி விங்கர் வருவார். இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபுல் பேக் எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று பாருங்கள். எழுபதாவது நிமிடம் வந்ததும் பந்தை விட்டுவிட்டு, அந்த ஆளின் பூட்ஸ் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.